கையும் கல்வியும்: டால்ஸ்டாய் பண்ணை முதல் சேவாகிராமம் வரை

பள்ளி என்னும் சொல்லுக்குப் பழைய பொருள் தங்கும் இடம், படுக்கும் இடம் என்பதாகும். மதுரையைச் சுற்றியுள்ள மாங்குளம், அழகர்மலை போன்ற குன்றுகளில் சமண முனிவர்கள் தங்குவதற்காகப் பாறையில் செதுக்கிய கற்படுக்கைகள் இன்றும் உள்ளன. பக்கத்திலேயே இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுள்ள தமிழ்பிராமி எழுத்துக்களும் உள்ளன. முனிவர் தங்கிய பள்ளிக்கு ஊர்ப் பிள்ளைகள் பாடம் கேட்கப் போனார்கள், அதனால் படிக்கும் இடமே பள்ளிக்கூடம் ஆயிற்று என்று அறிஞர் பலர் சொல்லுவர். அழகர்மலைக் கல்வெட்டுகளில் கொடையாளிகள் யார் யார் என்று பாருங்கள். உப்பு வணிகன் ஒருவன், அறுவை வணிகன் ஒருவன், ஏருக்குக் கொழு விற்கும் வணிகன் ஒருவன், பொற்கொல்லன் ஒருவன். அறுவை என்றால் துணி. கடை வைத்தவனும் கைவேலை செய்தவனும் சேர்ந்து ஆதரித்த இடம் நம் முதல் பள்ளி.

அப்படித் தொடங்கிய நம் ஊரில், கைவேலை வேறு படிப்பு வேறு என்று எப்படி ஆயிற்று? இரண்டையும் மறுபடி ஒன்றாக்கப் பார்த்தவர்கள் யார்? அந்த முயற்சி ஏன் நிலைக்கவில்லை? இதைப் பற்றி நான் படித்தும் கேட்டும் நேரில் பார்த்தும் அறிந்ததை இம்மலரில் எழுதுகிறேன். வெளி மாநிலத்தில் வாழும் நமக்கு இந்தச் சரித்திரத்தில் பங்கு உண்டு. அது பலருக்குத் தெரியவில்லை.

ஆதிநாதர் கற்பித்த ஆறு தொழில்

எங்கள் சமண மரபில் ஒரு கதை உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டில் ஜினசேனர் வடமொழியில் செய்த ஆதிபுராணத்தில் அது விரிவாக வருகிறது. போகபூமிக் காலம் முடிந்து, கற்பக மரங்கள் தருவது குறைந்து, ஜனங்கள் பிழைக்க வழி தெரியாமல் நின்றபோது, முதல் தீர்த்தங்கரரான ரிஷபதேவர் ஆறு தொழில்களைக் கற்றுக்கொடுத்தார். வாள், எழுத்து, உழவு, கலை, வாணிகம், சிற்பம் என்பவை அவை. சிற்பம் என்பது கைத்தொழில் எல்லாவற்றுக்கும் பொதுப் பெயர். தம் மகள் பிராமிக்கு எழுத்தையும் இன்னொரு மகள் சுந்தரிக்கு எண்ணையும் கற்பித்ததும் அவரே. எழுதுவதும் உழுவதும் ஒரே ஆசான் வாயிலிருந்து வந்தவை. ஒன்று உசத்தி, ஒன்று மட்டம் என்று அந்த இடத்தில் இல்லை.

ஆனால் கதை அத்தோடு நிற்கவில்லை. அதே புராணத்தில், தொழிலை வைத்து மக்களைப் பிரித்த செய்தியும் அடுத்தாற்போல் வந்துவிடுகிறது. எங்கள் நூலாயிற்றே என்று நான் இதை மறைத்துப் பேச முடியாது. தொழிலைக் கற்பிப்பதற்கும் தொழிலால் பிரிப்பதற்கும் நடுவில் உள்ள தூரம் ரொம்பக் கொஞ்சம். பின்னால் நான் சொல்லப்போகிற விஷயங்களுக்கு இதுவே திறவுகோல். வாசகர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

தென்னாப்பிரிக்காவில் தமிழ்ப் பிள்ளைகள்

கைத்தொழில் வழியே பாடம் என்றால் எல்லோரும் வர்தாவைச் சொல்லுவார்கள். அதற்கு 27 வருஷம் முன்பே அதன் விதை விழுந்த இடம் தென்னாப்பிரிக்கா. 1910-ல் ஜோகன்னஸ்பர்க்குக்கு 21 மைல் தொலைவில், ஹெர்மன் கல்லன்பாக் என்ற கட்டடக் கலைஞர் தமது 1,100 ஏக்கர் நிலத்தைச் சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள் தங்குவதற்கு விட்டார். காந்தியடிகளைக் கலந்துகொண்டு அவரே அதற்கு டால்ஸ்டாய் பண்ணை என்று பெயர் வைத்தார். சிறைக்குப் போனவர்களில் தமிழர்கள் ஏராளம் என்பது நாம் அறிந்ததே. அவர்களுடைய பிள்ளைகள் பலர் இந்தப் பண்ணையில் வளர்ந்தார்கள்.

பண்ணையில் வேலைக்காரர் கிடையாது. குழி வெட்டுவது, மரம் அறுப்பது, சமைப்பது, கழிவிடம் சுத்தம் செய்வது எல்லாம் பெரியவரும் பிள்ளைகளும் சேர்ந்தே செய்தார்கள். கல்லன்பாக் ஒரு கிறிஸ்துவ மடத்துக்குப் போய்ச் செருப்புத் தைக்கக் கற்று வந்தார். அவரிடம் காந்தி கற்றார், பிறகு பிள்ளைகள் கற்றார்கள். பிள்ளைகளைச் செய்யச் சொல்லும் வேலையை ஆசிரியர் தாமும் கூட நின்று செய்ய வேண்டும் என்பது அங்கே விதி. காலையில் உடலுழைப்பு, மத்தியானத்துக்கு மேல் எழுத்துப் பாடம். வேலை செய்த களைப்பில் பிள்ளைகள் பாட நேரத்தில் தூங்கி வழிந்ததையும் காந்தி மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

இதில் நம்மவர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தத் தமிழ்ப் பிள்ளைகள் அங்கேயே பிறந்தவர்கள். தமிழ் கொஞ்சம் பேச வரும், எழுத்து சுத்தமாகத் தெரியாது. அவர்களுக்குத் தமிழ் எழுத்தும் கொஞ்சம் இலக்கணமும் சொல்லிக் கொடுத்தவர் குஜராத்திக்காரரான காந்தியே. கப்பல் பயணத்திலும் சிறையிலுமாக, போப்பையரின் தமிழ்க் கைநூலை வைத்துக்கொண்டு அவர் கற்ற தமிழ் அது. பேச்சில் பிள்ளைகள் அவரை மிஞ்சுவார்கள் என்பது அவருக்கே தெரியும். ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பு நடத்தும் நம் சங்கத்தாருக்கு இந்தச் சிரமம் புதிதல்ல, இல்லீங்களா?

வர்தாவில் கூடிய சபை

இதற்கிடையில் அமெரிக்காவிலும் இந்தச் சிந்தனை வளர்ந்து வந்தது. 1896-ல் சிகாகோவில் ஜான் டூயி பரிசோதனைப் பள்ளி ஒன்றைத் தொடங்கி, சமையல், தச்சு, நெசவு வழியாகப் பாடம் நடத்தினார். 1918-ல் கில்பாட்ரிக் என்பவர் செயல்திட்ட முறை என்று அதற்கு ஒரு வடிவம் கொடுத்தார். இன்று நம் பேரப்பிள்ளைகள் "ப்ராஜெக்ட்" என்று வீட்டுக்குக் கொண்டுவரும் வார்த்தைக்கு மூலம் அதுதான்.

நம் நாட்டில் 1937-ல் பல மாகாணங்களில் காங்கிரஸ் மந்திரிசபைகள் வந்தன. மதுவிலக்கு கொண்டுவந்தால் கள், சாராய வருமானம் போகும். அந்த வருமானத்தில் நடந்த பள்ளிகளுக்குப் பணம் எங்கே என்ற கேள்வி எழுந்தது. பிள்ளைகள் ஒரு கைத்தொழில் வழியாகப் படிக்கட்டும், அவர்கள் செய்யும் பொருளே பள்ளிச் செலவுக்கு உதவட்டும் என்று காந்தி எழுதினார். நாடெங்கும் பெரிய சர்ச்சை. 1937 அக்டோபர் 22, 23 தேதிகளில் வர்தாவில் கல்வி மாநாடு கூடிற்று. அதன் முடிவில் ஜாகிர் உசேன் தலைமையில் ஒரு குழு அமைத்தார்கள். டிசம்பர் மாதமே அறிக்கை வந்துவிட்டது. 7 முதல் 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி, தாய்மொழியில் பாடம், நடுவில் ஒரு கைத்தொழில் என்பது அதன் சாரம். 1938 பிப்ரவரியில் ஹரிபுரா காங்கிரஸ் இதை ஏற்றது. பிறகு ஹிந்துஸ்தானி தாலீமி சங்கம் சேவாகிராமத்தில் அமைந்தது.

அந்தக் குழுவில் இரண்டு தமிழர் இருந்தார்கள். ஒருவர் ஜே.சி. குமரப்பா. 1892-ல் தஞ்சாவூரில் பிறந்தவர். லண்டனில் கணக்காயர் படிப்பு, பம்பாயில் தொழில், அமெரிக்காவில் மேற்படிப்பு என்று இருந்தவர், எல்லாவற்றையும் விட்டுவிட்டு வர்தா மகன்வாடியில் கிராமத் தொழில் சங்கத்தை நடத்தினார். மற்றவர் ஈ.டபிள்யூ. ஆரியநாயகம், இலங்கைத் தமிழர். சாந்திநிகேதனில் தாகூரிடம் பணிபுரிந்து, 1930-ல் தாகூர் ஐரோப்பாவுக்கும் ரஷ்யாவுக்கும் போனபோது கூடப் போனவர். வர்தா குழுவின் அமைப்பாளர் அவரே, பின்பு தாலீமி சங்கத்தின் செயலாளரும் அவரே. அவருடைய மனைவி ஆஷாதேவி வங்காளப் பெண்மணி, அவரும் குழுவில் இருந்தார். ஒரு யாழ்ப்பாணத் தமிழரும் ஒரு வங்காளப் பெண்மணியும் மராத்தி கிராமத்துப் பிள்ளைகளோடு மண்தரையில் உட்கார்ந்து ஒரு பள்ளியை உண்டாக்கினார்கள். பின்னால் அங்கே வந்து சேர்ந்த மார்ஜரி சைக்ஸ் என்ற ஆங்கில மாது, முன்னால் சென்னையில் ஆசிரியையாக இருந்து தமிழ் கற்றவர். பிறகு சேவாகிராமக் கல்வியின் ஐம்பது ஆண்டு வரலாற்றையும் எழுதினார்.

தக்ளியில் என்ன பாடம்?

அறிக்கை போட்ட கால அட்டவணை ஒரு நாளைக்கு ஐந்தரை மணி நேரம். அதில் கைத்தொழிலுக்கு 3 மணி 20 நிமிஷம். சங்கீதம், சித்திரம், கணக்கு மூன்றுக்கும் சேர்த்து 40 நிமிஷம். தாய்மொழிக்கு 40. சமூகப் பாடமும் விஞ்ஞானமும் 30. உடற்பயிற்சி 10, இடைவேளை 10. இதைப் பார்த்தவுடன் "பள்ளிக்கூடமா, தொழிற்சாலையா?" என்று கேட்கத் தோன்றும். அன்றைக்கே பலர் கேட்டார்கள்.

அந்த 3 மணி 20 நிமிஷத்துக்குள்ளேதான் கணக்கும் பூகோளமும் சரித்திரமும் நடக்க வேண்டும் என்பது திட்டம். நான் நூல் வியாபாரி. எனக்குத் தெரிந்த சரக்கை வைத்தே விளக்குகிறேன்.

பிள்ளை தக்ளியில் நூற்கிறது. நூற்றதை 4 அடிச் சுற்றளவுள்ள சட்டத்தில் சுற்றுகிறது. 160 சுற்று ஒரு லட்டி. 4 லட்டி, அதாவது 640 சுற்று, ஒரு குண்டி. 640-ஐ நாலால் பெருக்கினால் 2,560 அடி. பெருக்கல் வாய்ப்பாடு அங்கே வந்துவிட்டது. மில் நூலின் ஒரு சிட்டம் 840 கஜம், அதாவது 2,520 அடி. குண்டிக்கும் சிட்டத்துக்கும் 40 அடி வித்தியாசம் ஏன் என்று பிள்ளை கேட்கும். கழித்தலோடு ஒரு நல்ல கேள்வியும் வந்தது.

அடுத்தது நம்பர். ஒரு ராத்தல் எடையில் எத்தனை சிட்டம் நிற்கிறதோ அதுதான் நூலின் நம்பர். 20-ஆம் நம்பர் நூல் என்றால் ஒரு ராத்தலுக்கு 20 சிட்டம், 16,800 கஜம். கிலோமீட்டரில் பதினைந்துக்கு மேலே. சேவாகிராமத்திலிருந்து வர்தாவுக்கு நடந்து திரும்பும் தூரம் ஏறக்குறைய அவ்வளவுதான். அத்தனை நீளமும் அரை கிலோவுக்குக் குறைந்த பஞ்சுக்குள் சுருண்டு கிடக்கிறது! நம்பர் கூடினால் நூல் சன்னம், குறைந்தால் முரடு. தலைகீழ் விகிதம் என்று கரும்பலகையில் எழுதினால் விழிக்கிற பிள்ளைக்கு, இரண்டு நூலை விரலுக்கு நடுவில் உருட்டிப் பார்த்தால் நிமிஷத்தில் புரியும். எங்கள் கடைக்கு வந்த புதுப் பையன்களுக்கும் நாங்கள் இப்படித்தான் சொல்லிக் கொடுத்தோம்.

இன்னும் மேலே போகலாம். இந்திய நூலுக்கு ஏன் இங்கிலீஷ்காரன் ராத்தலும் கஜமும்? அந்தக் கேள்வி பிள்ளையை லங்காஷயருக்குக் கொண்டுபோகும். 1861-ல் அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கி அங்கிருந்து பஞ்சு வருவது நின்றதும் விதர்பாப் பஞ்சுக்குக் கிராக்கி ஏறியது. வர்தா மாவட்டத்து ஹிங்கன்காட் பஞ்சுக்கு அப்போதே பெயர் உண்டு. 1877-ல் ஜாம்ஷெட்ஜி டாட்டா நாக்பூரில் எம்ப்ரஸ் மில் தொடங்கினார். பருத்திக்கு ஏன் இந்தக் கரிசல் மண் என்றால் அது பூகோளம். நூல் முறுக்கினால் ஏன் பலம் என்றால் அது விஞ்ஞானம். ஒரு நூல் இழையைப் பிடித்துக்கொண்டு இவ்வளவு தூரம் போகலாம்.

போகத் தெரிந்த ஆசிரியர் வேண்டும். விஷயம் அங்கேதான் சிக்கியது. பொருள் விற்று வரும் காசைப் பெரிதாக நினைத்து, பிள்ளையிடம் வேலை வாங்குவதே குறியாகிவிடும் அபாயம் உண்டு என்று அறிக்கையே எச்சரித்திருந்தது. அந்த அபாயம் உண்மையாயிற்று. என் சின்ன வயதில், ஊர்ப் பள்ளியில் எங்களுக்கும் தக்ளி இருந்தது. மணி அடித்தால் நூற்போம், மணி அடித்தால் வைத்துவிடுவோம். கணக்கு வாத்தியார் அடுத்த அறையில் புத்தகத்துப் பெருக்கலைப் போட்டுக்கொண்டிருப்பார். தக்ளிக்கும் அந்தப் பெருக்கலுக்கும் சம்பந்தம் உண்டு என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நூல் நம்பர் பற்றி நான் கற்றது கடையில். ஆதாரப் பள்ளிகள் பலவற்றின் கதி இதுதான். கை வேலை செய்தது, கேள்வி பிறக்கவில்லை.

1953-ன் பாடம்

இன்னொரு அபாயம் இதைவிடப் பெரியது. சுதந்திரத்துக்குப் பின் ஆதாரக் கல்வி கிராமத்துப் பிள்ளைகளுக்கு என்று ஆயிற்று. பட்டணத்து உத்தியோகஸ்தர் பிள்ளைகள் இங்கிலீஷ் பள்ளிக்குப் போனார்கள். கைவேலை யாருக்கு என்ற கேள்விக்கு ஊர் தானாகவே பதில் சொல்லிவிட்டது.

1953-ல் சென்னை ராஜ்ய முதல்வர் ராஜாஜி கிராம ஆரம்பப் பள்ளிகளுக்கு ஒரு மாற்றுத் திட்டம் கொண்டுவந்தார். பள்ளி நேரம் ஒரு நாளைக்கு 3 மணி. ஒரு பகுதிப் பிள்ளைகள் காலையில், மறு பகுதி பிற்பகலில். மீதி நேரம் பிள்ளை வீட்டில் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம் என்றார்கள். இருக்கிற கட்டடத்திலும் ஆசிரியரிலும் இரண்டு மடங்கு பிள்ளைகளைப் படிக்க வைக்கலாம் என்பது அவருடைய வாதம். எதிர்த்தவர்கள் இதைக் குலக்கல்வித் திட்டம் என்றார்கள். பெரியாரும் தி.மு.க.வினரும் போராடினார்கள், காங்கிரசுக்குள்ளேயும் எதிர்ப்பு வலுத்தது. 1954 ஏப்ரலில் காமராஜர் முதல்வரானார். மே மாதம் திட்டம் கைவிடப்பட்டது.

இரண்டும் கைத்தொழில் கல்விதானே, காந்தி சொன்னால் சரி, ராஜாஜி சொன்னால் தப்பா என்று இப்போதும் சிலர் கேட்கிறார்கள். சாதி பேசாத நல்ல மனிதர்களும் கேட்கிறார்கள். வித்தியாசம் உண்டு. டால்ஸ்டாய் பண்ணையில் வணிகர் குலத்தில் பிறந்த காந்தி தோலைத் தொட்டுச் செருப்புத் தைத்தார். வர்தா அறிக்கையின் தொழில் பட்டியலிலும் நூற்பு, தச்சு, விவசாயத்தோடு தோல் வேலை இருந்தது. யார் வீட்டுப் பிள்ளையும் எந்த வேலையும் கற்கலாம் என்பது அங்கே பொருள். தோல் என்றால் எங்கள் வீடுகளில் தள்ளி நிற்பார்கள். அந்த எனக்கே இது சுலபமாக விழுங்கக்கூடிய விஷயம் இல்லை. ஆனாலும் அதன் நியாயம் புரிகிறது. 1953-ல் தொழில் பள்ளிக்கு வெளியே போயிற்று, ஆசிரியரை விட்டுப் போயிற்று, அப்பன் தொழிலாக ஆயிற்று. சவரத் தொழிலாளி மகன் கத்தியைப் பிடிப்பான், வக்கீல் மகன் புத்தகத்தைப் பிடிப்பான். அது கல்வியாகாது. ஆதிபுராணத்தில் நான் சொன்ன அந்தக் கொஞ்ச தூரம், கற்பிப்பதற்கும் பிரிப்பதற்கும் நடுவில் உள்ளது, இங்கே தாண்டப்பட்டுவிட்டது. தமிழ்நாடு அதைக் கண்டுகொண்டு நிறுத்தியது.

அதன் பிறகு

கோத்தாரி கமிஷன் 1964-66-ல் பணி அனுபவம் என்று பெயரை மாற்றியது. 1977-ல் ஈஸ்வர்பாய் படேல் குழு சமூகப் பயனுள்ள உற்பத்தி வேலை என்றது. வெளி மாநிலத்தில் மத்திய வாரியப் பள்ளிகளில் படித்த நம் பிள்ளைகளுக்கு இது எஸ்.யூ.பி.டபிள்யூ. என்று பழக்கம். உபயோகமான பீரியடை வீணாக்குவது என்று அந்த எழுத்துக்களுக்கு அவர்களே கேலியாக விரிவு சொல்லிக்கொண்டார்கள். பெயர் மாற மாற சாரம் வற்றியது.

தமிழ்நாட்டில் வேறொரு வழி திறந்தது. ரிஷிவேலிப் பள்ளியின் அனுபவத்தைப் பார்த்து, 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கி, சில ஆண்டுகளில் மாநிலம் முழுக்கப் பரவியது. அட்டைகள், மணிகள், தரையில் வட்டமாக உட்காருதல், தன் வேகத்தில் போகுதல் என்று அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அது கிடைத்தது. 2022-ல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. சேவாகிராமத்திலோ, மூடிக் கிடந்த பள்ளி 2005-ல் ஆனந்த நிகேதன் என்ற பெயரில் மறுபடி தொடங்கியது. அங்கே பிள்ளைகள் தோட்டம் போடுகிறார்கள், நூற்கிறார்கள், சமைக்கிறார்கள், கணக்கும் எழுதுகிறார்கள். 2020 தேசியக் கல்விக் கொள்கை 6 முதல் 8 வகுப்பு வரை பத்து நாள் புத்தகப் பையில்லாமல் தச்சர், குயவர், தோட்டக்காரரிடம் கற்கச் சொல்கிறது. நல்ல யோசனைதான். குயவர் மகனும் டாக்டர் மகளும் ஒரே மண்ணைப் பிசைந்தால் நல்லது. பிசைந்த பிறகு ஆசிரியர் கேள்வி கேட்டால் இன்னும் நல்லது.

நாம் செய்யக்கூடியது

இப்போது வீடுகளில் நடப்பதைப் பார்க்கிறோம். பிள்ளைக்கு ப்ராஜெக்ட் என்றால் அப்பா தெர்மோகோல் வெட்டுகிறார், அம்மா பெயின்ட் அடிக்கிறார், ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பிள்ளை தூங்கிவிடுகிறது. அதற்கும் நேரமில்லாதவர் ஸ்டேஷனரிக் கடையில் தயாராக வாங்கிவிடுகிறார். எரிமலை, சூரிய குடும்பம் எல்லாவற்றுக்கும் விலை உண்டு. மார்க் வருகிறது. பிள்ளையின் கை மட்டும் அதில் படவில்லை.

நம் சங்கங்களின் ஞாயிறு வகுப்பில் பரீட்சை இல்லை, மார்க் இல்லை. அதனால் அங்கே இதைச் சரியாகச் செய்து பார்க்கலாம். ஒரு மாதம் ஒரே பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். இட்லி என்று வைத்துக்கொள்வோம். அரிசி எத்தனை பங்கு, உளுந்து எத்தனை பங்கு என்று பிள்ளையே அளக்கட்டும். நம் ஊரில் ஒரு ராத்திரியில் பொங்கும் மாவு, தில்லிக் குளிரில் ஏன் பொங்கவில்லை என்று வீட்டுக்கு வீடு குறித்து வரட்டும். தாத்தா பாட்டியிடம் போய், முதல் முதலில் இந்த ஊருக்கு வந்தபோது மாவு எதில் அரைத்தார்கள், உளுந்து எங்கே கிடைத்தது என்று கேட்டுத் தமிழில் நாலு வரி எழுதட்டும். அளவு, பொங்கல், புளிப்பு, ஆட்டுக்கல், குழவி என்று சொற்கள் தாமாக வந்து சேரும். பையன்கள் அரைக்கட்டும், பெண் பிள்ளைகள் கணக்கெழுதட்டும், அடுத்த வாரம் மாற்றிக்கொள்ளட்டும். வகுப்பு முடிந்ததும் பாத்திரத்தை எல்லோரும் கழுவட்டும், வகுப்பு நடத்துபவர் உட்பட. ஆசிரியர் கூட நின்று செய்ய வேண்டும் என்பதுதான் டால்ஸ்டாய் பண்ணையின் முதல் விதி.